முனகிய மூட்டை

ஜோவானாவின் அம்மா கிருபாராணி ஒரு நர்ஸ். வார இறுதியில் டியூட்டி வந்தால், பத்து வயது மகளை புஷ்பவல்லி ஆன்ட்டியின் பண்ணையில் விட்டுவிட்டுப் போவார். ஃப்ரீமான்ட் நகரத்துக்குக் கிழக்கே, மலைச்சரிவில் இருந்தது அந்தப் பண்ணை. கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு ஆன்ட்டி அங்கே அல்பாகா வளர்த்தார். ஒட்டகத்துக்குத் தூரத்துச் சொந்தம் போல நீண்ட கழுத்தும், உடம்பெல்லாம் பஞ்சு போன்ற ரோமமும் உள்ள சாதுவான பிராணி அது.

1999 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, பதினோரு அல்பாகாக்களுக்கும் ரோமம் வெட்டினார்கள். பள்ளி விட்டு வந்த ஜோவானா ஆன்ட்டியோடு சேர்ந்து தரம் பிரித்தாள். முதுகிலும் விலாவிலும் வெட்டியது முதல் தரம். கழுத்து முடி இரண்டாம் தரம். கால் முடியும் வயிற்று முடியும் முரடு; அது மூன்றாம் தரம். ஒவ்வொரு அல்பாகாவின் ரோமத்தையும் தரவாரியாகத் தனித்தனி மூட்டையில் போட்டு, அதன் பெயரெழுதிய சீட்டை ஒட்டினார்கள். முரட்டு முடி ஒரு கைப்பிடி கலந்தாலும் நூல் மில்லில் மூட்டை முழுவதையும் மட்டம் என்று ஒதுக்கிவிடுவார்களாம். ஜோவானா ரோமத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தே தரம் சொன்னாள். ஆன்ட்டிக்கு ஒரே ஆச்சரியம்.

சனிக்கிழமை காலை மலை முழுக்கப் பனிமூட்டம். வேலிக்குள் அல்பாகாக்கள் நின்றன. ரோமம் போனபின் அவை வேறு ஏதோ பிராணிகள் போல இருந்தன. உடம்பு தெரியாமல், மெல்லிய கழுத்துகளும் பெரிய கண்களும் மட்டும் வெள்ளைப் புகையில் மிதந்தன. ஜோவானா வேகமாக நடந்து கொட்டகைக்குள் போனாள்.

ஒரு மூட்டை திறந்து கிடந்தது. முதல் தர ரோமத்தோடு முரட்டு முடியும் வைக்கோலும் கலந்திருந்தன.

"இங்க விளையாடினியா, ஜோ?" என்று ஆன்ட்டி கேட்டார்.

"நான் டச்சே பண்ணலை, ஆன்ட்டி."

ஆன்ட்டி அவளைப் பார்க்காமல் மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டினார். அதுதான் ஜோவானாவுக்கு அதிகமாக வலித்தது. மில் வேன் பன்னிரண்டு மணிக்கு வந்துவிடும். இருவரும் மறுபடியும் உட்கார்ந்து பிரித்தார்கள். முடிந்ததும் ஆன்ட்டி தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனார். ஜோவானா வீட்டுக்குப் போய், பால் குடித்துவிட்டு வந்தாள்.

அதே மூட்டை மறுபடியும் வைக்கோல் கலந்து திறந்து கிடந்தது. ரோமத்தின் நடுவே ஒரு குழி. யாரோ படுத்து எழுந்தது போல.

அதற்குள் கையை விட்டாள். கதகதப்பாக இருந்தது.

"ம்ம்ம்ம்..."

வாயை மூடிக்கொண்டு ஒரு குழந்தை அழுவது போன்ற சத்தம். மூட்டைகளுக்குள்ளிருந்துதான் வந்தது. வாசல் நாலே எட்டில் இருந்தது; ஓடிவிடலாம். ஆனால் அந்தச் சத்தத்தில் ஏதோ ஏக்கம் இருந்தது. அவள் அங்கேயே நின்றாள்.

இத்தனை மூட்டைகள் இருக்க, இரண்டு தடவையும் ஏன் இதே மூட்டை? சீட்டைப் பார்த்தாள். 'இஞ்சி' என்று எழுதியிருந்தது. பழுப்பு நிற அல்பாகா. மூன்று வாரம் முன்புதான் குட்டி போட்டது.

ஜோவானா முட்டி போட்டு, மூட்டைகளின் இடுக்கில் எட்டிப் பார்த்தாள். இருட்டில் இரண்டு கண்கள் அவளையே பார்த்தன. கொட்டகைப் பலகையின் கீழ் ஓர் இடைவெளி. அதன் வழியாகத்தான் குட்டி நுழைந்திருக்கிறது.

அவள் கூப்பிட்டதும் ஆன்ட்டி ஓடி வந்தார். குட்டியின் வயிற்றைத் தடவிப் பார்த்தவரின் முகம் மாறியது. நேற்றிலிருந்து அது பாலே குடிக்கவில்லை. இப்படியே விட்டால் பிழைக்காது.

"அதுக்கு அம்மாவைத் தெரியலை, ஆன்ட்டி. எனக்கே அடையாளம் தெரியலையே. அம்மா வாசனை எல்லாம் இந்த மூட்டையிலதான் இருக்கு."

ஆன்ட்டி அந்த மூட்டையைப் பார்த்தார். அது மில்லுக்குப் போக வேண்டியது.

ஜோவானா பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளினாள். "இதுவும் இஞ்சியோடதுதானே? கால் முடி. இது மட்டமா இருந்தாலும் வாசனை அதேதானே?"

பழைய போர்வை ஒன்றில் அந்த முரட்டு முடியைப் பரப்பி, இஞ்சியின் முதுகில் கட்டினார்கள். குட்டியைப் பக்கத்தில் விட்டார்கள். அது அந்த மெலிந்த உருவத்தைப் பார்த்துப் பயந்து பின்வாங்கியது. பிறகு கழுத்தை நீட்டி முகர்ந்தது. தள்ளிப் போனது. மறுபடியும் வந்தது. போர்வையில் மூக்கை அழுத்தி வெகுநேரம் நின்றது.

பிறகு மெல்லக் குனிந்து பால் குடிக்க ஆரம்பித்தது.

"உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, ஜோ. சாரி," என்றார் ஆன்ட்டி மெதுவாக.

"பரவாயில்லை, ஆன்ட்டி. இன்னொரு தடவை பிரிக்கணுமே, அதான் கஷ்டம்."

வாசலில் மில் வேனின் ஹார்ன் கேட்டது. குட்டி குடித்து முடிக்கும்வரை இருவரும் அசையவே இல்லை.