முகர்வி காட்டாத வீடு

சந்தனமுல்லை வளாகத்து வாசல் கம்பத்தில் செவ்வாய்க்கிழமை காலை ஆரஞ்சு விளக்கு எரிந்தது. பத்து மணிக்குள் நாற்பத்தெட்டு வீட்டுக்கும் சேதி போய்விட்டது. உள்ளே யாருக்கோ ஹெபடைடிஸ் சி.

கோவையின் கழிவுநீர்க் குழாய்களில் மாநகராட்சி முகர்விகளைப் பொருத்தி நாலு வருடமாகிறது. விரல் நீளக் கருவிதான். ஓடும் நீரில் வைரஸின் துணுக்கு இருந்தால் பிடித்துவிடும். முதல் வாரம் கட்டடத்தைக் காட்டும். அடுத்த வாரம் எந்தக் குழாய் வரிசை என்று சொல்லும். மூன்றாம் வாரம் வீட்டையே காட்டிக் கொடுத்துவிடும். பிறகு சுகாதாரப் பணியாளர் வந்து கதவைத் தட்டி, ரத்தம் எடுத்து உறுதி செய்துகொண்டு, பன்னிரண்டு வார மாத்திரை கொடுப்பார். வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கல்லீரலைத் தின்கிற நோய் அத்தோடு தீர்ந்தது. விளக்கு அடுத்த தெருவில் எரிந்தவரை வளாகத்தில் எல்லாரும் இதை மெச்சினார்கள்.

வளாகச் செயலாளர் யுகேந்திரன் அன்றே கூட்டம் போட்டார்.

"நம்மாளுகளுக்கு இது வர வாய்ப்பே இல்லீங்க. வெளியிலிருந்து வர்றவங்கதான்."

வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், காவலாளி, இஸ்திரிக்காரர் எல்லாரையும் அன்றோடு நிறுத்தினார்கள். தொட்டால் ஒட்டாது, ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் பரவும் என்று மாநகராட்சி சுவரில் ஒட்டியிருந்த தாளை யாரும் படிக்கவில்லை. படித்திருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள்.

விளக்கு அணையவில்லை. இரண்டாம் வாரம் முகர்வி வடக்குக் குழாய் வரிசையைக் காட்டியது. அதில் பன்னிரண்டு வீடுகள். யுகேந்திரன் வீடும் ஒன்று.

அவர் மனைவி மோனிஷாவுக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை. ஆறு மாதமாகக் காரணமில்லாத அசதி வேறு. கல்லூரி நாளில் ஒரு பொருட்காட்சிக்குப் போய், அவளும் தோழிகளுமாக ஏழு பேர் ஒரே ஊசியில் கையில் பட்டாம்பூச்சிப் பச்சை குத்திக்கொண்டார்கள். எனக்குத்தான், எனக்குத்தான் என்று மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்து சொல்லப் பயமாக இருந்தது. குழாயே சொல்லிவிடட்டும், இன்னும் ஏழு நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அதற்குள் யுகேந்திரனுக்கு ஒரு யோசனை வந்தது.

"குழாயில போனாத்தானுங்க அது கண்டுபிடிக்கும்? மூணு வாரம் யாரும் வீட்டுக் கழிவறைப் பக்கமே போகாதீங்க. விளக்கு தானா அணைஞ்சுரும்."

காலை ஐந்தரைக்கு ஒரு வேன், மாலை ஒரு வேன். பேருந்து நிலையக் கழிவறைக்குப் போய்த் திரும்பும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நடைப்பயிற்சிக்குக் கிளம்பியவர் போல ஷூ மாட்டிக்கொண்டு வந்து வேனில் ஏறினார். இந்த மானக்கேட்டுக்கு மாத்திரையே தின்றுவிடலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குத்தான் நோய் என்று ஆகிவிடுமே.

"நான் வரலைங்க. நம்ம வீட்லயே போய்க்கறேன்," என்றாள் மோனிஷா.

"அறிவிருக்கா உனக்கு? செயலாளர் வீட்லதான்னு ஊரே பேசும்."

அவளும் வேனில் ஏறினாள்.

முகர்விக்கு வைரஸ்தான் தெரியும், பூட்டிய கழிவறை தெரியாது. மூன்றே வாரத்தில் விளக்கு அணைந்தது. 'தூய வளாகம், ஐந்தாண்டுகளுக்குச் சோதனை தேவையில்லை' என்று மாநகராட்சிக்காரர்கள் வாசலில் பலகை மாட்டினார்கள். முகர்வியைக் கழற்றி, தேவைப்படும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். தேவைப்பட்டது பேருந்து நிலையத்தில். அங்கே ஏற்கெனவே இருந்த முகர்வியில் இப்போது விளக்கு எரிந்தது. கழிவறை கழுவும் ஆறு பேருக்கும் வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனை என்று அறிவித்தார்கள்.

மோனிஷாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. முகர்வி வந்தபின் தனியார் கூடங்களில் இந்தப் பரிசோதனையை நிறுத்திவிட்டார்கள். முகர்வி காட்டிய இடத்து முகவரி இல்லாமல் மாநகராட்சியின் பரிசோதனைப் பெட்டி திறக்காது. கழுவுகிறவர்களில் ஒருத்திபோல் நின்றால் திறக்கும் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை முகக்கவசத்துக்கு மேல் துப்பட்டாவையும் சுற்றிக்கொண்டு அந்த வரிசையில் போய் நின்றாள்.

"கழுவறவங்க ஆறு பேரும் முடிச்சுட்டுப் போயாச்சு, யாருக்கும் ஒண்ணுமில்ல. அப்புறம் இங்க நாப்பது பேரு எதுக்குங்க நிக்கறீங்க?" என்றாள் சுகாதாரப் பணியாளர் ஷர்மிளா பானு. எல்லாருக்கும் முகக்கவசம்.

முன்னால் நின்ற ஆள் திரும்பினார். யுகேந்திரன்.

"நீ எங்க இங்க?"

"நீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஹாஸ்டல்ல நாலஞ்சு பேரு ஒரே பிளேடுல ஷேவ் பண்ணுவோம். எனக்குத்தான்னு நெனச்சுட்டு இருந்தேன்."

மோனிஷாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவரைத் தாண்டிப் போய்ப் பெட்டியின் முன் உட்கார்ந்து, பெயரையும் வளாகத்தையும் வீட்டு எண்ணையும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

'இம்முகவரியில் நோய் இல்லை' என்றது பெட்டி. திறக்கவில்லை.

"உங்க வளாகம் சுத்தம்னு பதிவாயிருச்சுங்க," என்றாள் ஷர்மிளா.

"அப்ப எங்க முகர்வியத் திருப்பி மாட்டுங்க! நானே எழுதித் தர்றேன்," என்றார் யுகேந்திரன்.

"எழுதிக் குடுங்க, தப்பில்ல. ஆனா விளக்கு எரியற வளாகத்துக்குத்தான் முகர்வி தருவாங்க."

"முகர்வியே இல்லாம விளக்கு எப்படிங்க எரியும்?" என்று கேட்டாள் மோனிஷா.

ஷர்மிளா பெட்டியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அடுத்த ஆளை வரச் சொன்னாள். யாரும் அசையவில்லை. பின்னால் நின்றவர்கள் அத்தனை பேரும் அதே வளாகத்து முகவரிக்காரர்கள்.