கஞ்சி கேட்ட சுவர்

கோயிலின் தென்சுவர் எழும்பிய நாள் முதல் எட்டு ஆண்டுகளாக உபதேசியார் ஞானாதிக்கம் ஒரு வழக்கத்தை மாற்றியதில்லை. விடியற்கால மணியை அடித்து முடித்ததும், வாசலருகே சுவரிலேயே சுண்ணாம்பால் வனைந்திருந்த தீர்த்தத் தொட்டியில் வலக்கை விரலைத் தோய்ப்பார். நெற்றியில் சிலுவை வரைவார். விரலில் எஞ்சிய துளியை நாவில் வைத்துக்கொள்வார். கோயிலைப் பெருக்க வரும் வெள்ளையம்மா அதைக் கண்டு சிரிப்பாள்.

"பூனை பால நக்குற மாதிரி இருக்கு அய்யா. மத்தவங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க லா!"

1931 அக்டோபர் கடைசியில், மழை விட்ட ஒரு விடியலில், தீர்த்தம் வெதுவெதுப்பாக இருந்தது. துளி நாவில் பட்ட பிறகே அவர் அதை உணர்ந்தார். மறுநாள் தோய்த்த விரலை எடுத்தபோது, தொட்டிக்கும் விரலுக்கும் இடையே ஒரு மெல்லிய இழை நீண்டு, தொய்ந்து, அறுந்தது. அதன் மணம் அவருக்குத் தெரிந்த மணம்தான்: காய்ச்சலில் நாள்கணக்கில் கிடந்தவனின் வாயருகே குனிந்தால் எழும் புளித்த வாடை. தொட்டியை ஒரு துளி விடாமல் இறைத்தார், சாம்பலிட்டுத் தேய்த்தார், உலர விட்டார். மாலையில், எவரும் ஊற்றாமலே, அது விளிம்புவரை நிரம்பி, சுவர்வழியே கொழகொழவென்று ஒழுகிக்கொண்டிருந்தது. பச்சை ஈக்கள் அந்த ஒழுக்கில் கால் ஒட்டி ரீங்கரித்தன. அன்றிரவு அவர் உப்பு வைத்து நாக்கைத் தேய்த்தார். சுவை போகவில்லை.

மூன்றாம் நாள் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். கல்லாய் இறுகியிருக்க வேண்டிய சுண்ணாம்பு, கன்னத்தின் உட்புறம் போல விரலுக்கு நெகிழ்ந்து கொடுத்தது.

அவருக்குச் சுண்ணாம்பு சுட்ட காளவாய் நினைவு வந்தது.

பொந்தியான் கடலோரத்து அந்தக் கோயில் முதலில் அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகையாக இருந்தது. பிறகு பலகைச் சுவர் வந்தது. 1923இல் தெற்கே இரண்டு வளைவுகள் நீட்டிச் சுண்ணாம்புச் சுவர் எழுப்பினார்கள். அடித்தளம் தோண்டிய இடத்தில்தான் காய்ச்சல் வருடத்தில் இறந்த தோட்டத்து மக்கள் முப்பத்தொரு பேர் ஒரே குழியில் கிடந்தார்கள். ஞானஸ்நானம் பெறாதவர்கள், கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள். சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் ஏற்றிய படகு வரவில்லை. திருவிழாவோ நெருங்கிவிட்டது. கொத்தனார் ஐயாசாமி எலும்புகளைக் கூடையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இத எங்க வைக்கிறது, உபதேசியாரே?"

"அதுவும் சுண்ணாம்புதானே? காளவாய்ல போடுங்க."

ஐயாசாமி காறித் துப்பினார். "உங்க வாயால சொல்லிட்டீங்க. உங்க வாயோடயே இருக்கட்டும்."

அந்தக் குழியில் வெள்ளையம்மாவின் ஆறு வயது மகன் சின்னத்தம்பியும் இருந்தான். எலும்புகளை வேலியோரப் பலாமரத்தடியில் மறுபடி புதைத்துவிட்டதாக உபதேசியார் அவளிடம் சொன்னார். அவள் நம்பினாள். ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளன்று அங்கே மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு செம்பு கஞ்சியை வேரில் ஊற்றிவிட்டு வருவாள்.

இந்த ஆண்டும் கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் தேதி மாலை அவள் கஞ்சிச் செம்பும் சிரட்டைக் கரண்டியுமாக வந்தாள். தென்வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

"புள்ள கஞ்சி கஞ்சின்னுதான் அழுதுச்சு அய்யா. நான் காய்ச்சி எடுத்தாறதுக்குள்ள போயிருச்சு."

தொட்டி சப்புக் கொட்டியது.

அவள் செம்பைப் பார்த்தாள். தான்தான் சிந்திவிட்டோம் என்று நினைத்தாள் போலும். பலாமரத்தை நோக்கித் திரும்பினாள். இன்னும் பத்தடி நடந்தால் அந்தக் கஞ்சி இந்த வருடமும் வெறும் மண்ணில் விழும். உண்மையைச் சொன்னால் அவருடைய உபதேசியார் பட்டம் இன்றோடு போகும். அவள் சிரிப்பும் போகும்.

"அங்க போகாதம்மா," என்றார். "அங்க யாரும் இல்ல."

"வெளையாடாதீங்க அய்யா," என்று சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அவர் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னார். கூடை, காளவாய், வெந்து வெளுத்த பொடி, அதைக் குழைத்துப் பூசிய சுவர். அவள் தொட்டியைப் பார்த்தாள், ஒழுகும் கோழையைப் பார்த்தாள், பிறகு அவருடைய உதடுகளைப் பார்த்தாள்.

"எட்டு வருசமா நக்குனீங்களே, அய்யா."

அவர் வாசற்படியில் வாந்தி எடுத்தார். வெள்ளையாக, பசை போல, சுண்ணாம்பு வாடையோடு வந்தது.

அவள் செம்பையும் சிரட்டைக் கரண்டியையும் அவர் கையில் திணித்தாள். "நீங்களே குடுங்க."

அவர் எழுந்தார். கரண்டியை விளிம்பருகே கொண்டுபோனார்.

விளிம்பு பிரிந்தது.

உள்ளே சிவப்பு. ஈரம். சின்னஞ்சிறு பற்கள். முன்வரிசையில் விழுந்த பாற்பல்லின் இடைவெளி.

"என் புள்ள," என்றாள் வெள்ளையம்மா.

ஊற்றினார். சுவர் விழுங்கியது. பூச்சுக்கு அடியில் ஒரு புடைப்பு மெல்ல இறங்கித் தரையருகே மறைந்தது. இன்னொரு கரண்டி. இன்னொன்று. செம்பு காலியானது. சிறிய உதடுகள் நிறைவோடு மூடிக்கொண்டன.

அருகே, மார்பு உயரத்தில், பூச்சு விரிந்தது. அதற்கு மேல் ஒன்று. வளைவின் கீழ் ஒன்று. கிழவர்களின் பல்லற்ற ஈறுகள். வெற்றிலைக் கறை படிந்த பெண் உதடுகள். வெடித்தவை. வீங்கியவை.

முப்பது.

"பெரிய பானைய அடுப்புல ஏத்துறேன்," என்று சொல்லிவிட்டு வெள்ளையம்மா போனாள். "நீங்க இங்கயே நில்லுங்க."

அவர் நின்றார். காலிக் கரண்டியை ஏந்தியபடி நின்றார். முதல் வளைவிலிருந்து கடைசி வளைவு வரை சுவர் எச்சில் ஒழுக, அவர் பக்கம் வாய் திறந்து காத்திருந்தது.