ஹானாவின் பெயர் மேல் விழுந்த கோடு

தாஸ்மேனியச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றுச் சங்கத் தலைவர் டெஸ்மண்ட் பார்ஃபிட்டின் கடிதத்தில் விஷயத்தைவிடக் கையெழுத்துதான் பெரிது. அதன் அடியில் தடித்த கோடொன்று ஓடி, முனையில் இரண்டு சுற்றுச் சுருண்டிருந்தது.

"நாளைக்கு நினைவுக் கல்லுல பேர் வெட்ட ஆரம்பிக்கிறாங்க நோலீன்," என்றாள் மெர்ல் டிப்பெட். "ஊரை உண்டாக்கின குடும்பங்கள்ல கப்பல்ல கைதியா வந்த எங்க முப்பாட்டி ஹானா கிடையாதாம். கல்யாணப் பதிவையே அடிச்சிட்டாங்களாம். அப்போ நாங்கல்லாம் யாரு?"

கூடவே பதிவேட்டுப் பக்கத்தின் நகல். ஹானாவின் பெயருக்குக் குறுக்கே கரிய கோடு.

ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரியான நோலீன் தேநீரை ஒரு வாய் குடித்தாள். "கிளெம், நகல் வேண்டாம். குடும்ப வரலாற்றுத் தளத்துல அந்தப் பக்கத்தோட படத்தைத் திற."

கொழுந்தன் கிளெம் இதற்காகவே காத்திருந்தவன்போல் கணினியில் பாய்ந்தான். படத்தைப் பெரிதாக்கியதும் முகம் சுருங்கியது.

"அண்ணி, கோடு இங்கயும் இருக்கு. ஆனா வெளுத்துப்போய்ப் பழுப்பா இருக்கே!"

"பளிச்சுனு தெரியட்டும்னு அவர் கறுப்பைக் கூட்டி அச்செடுத்திருக்கார். பேரை அடிச்ச கோடுன்னா எழுத்தோட மைக்கு மேல ஓடணும். இது?"

"எழுத்து மைக்கு அடியில போகுது!"

"இப்போ அடுத்த படத்துக்குப் போ. இந்தத் தாளோட பின்பக்கம் அதுதான்."

கிளெம் போனான். படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

அன்று மாலை சங்கக் கூடத்தில், சிவப்பு ராணுவக் கோட்டு போட்ட தன் முப்பாட்டன் 'கேப்டன்' எட்வர்ட் பார்ஃபிட்டின் ஓவியத்துக்குக் கீழே, உறுப்பினர்கள் சூழ டெஸ்மண்ட் அமர்ந்திருந்தார். ஓவியத்துக்கு அடியில், குடும்ப பைபிளிலிருந்து வெட்டிச் சட்டம் போட்ட கேப்டனின் கையெழுத்து.

"அடுத்த பக்கத்தைப் பார்த்தீங்களா டெஸ்மண்ட்?" என்றாள் நோலீன்.

"கைதிங்க கல்யாணத்தையெல்லாம் புரட்டிட்டிருக்கிறதா என் வேலை?"

"புரட்டியிருக்கலாம். கிளெம், போடு."

திரையில் பின்பக்கம் எழுந்தது. கிளெம் ஒரு பொத்தானை அழுத்திப் படத்தை இடவலமாகத் திருப்பினான்; ஹானாவின் பக்கத்தின் மேல் மெல்லிய நிழலாகப் படியவிட்டான். ஹானாவின் பெயரைக் 'குறுக்கே வெட்டிய' கோடு, பின்பக்கக் கையெழுத்தின் அடிக்கோட்டோடு சுருள் முதற்கொண்டு பொருந்தியது.

"யாரும் எதையும் அடிக்கலை," என்றாள் நோலீன். "பின்பக்கத்து மாப்பிள்ளை தன் பேருக்குக் கீழே மையைக் கொட்டிக் கோடு போட்டிருக்கார். அது இந்தப் பக்கம் ஊறியிருக்கு. கையெழுத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா?"

எல்லாக் கண்களும் சட்டத்துக்குப் போயின. அதே எழுத்து, அதே கோடு, அதே சுருள்.

கிளெம் திரையை நேராக்கி உரக்கப் படித்தான்: "எட்வர்ட் பார்ஃபிட். கைதி. ஆளுநர் அனுமதியோடு திருமணம்."

"அப்போ அந்தச் சிவப்புக் கோட்டு?" என்று ஒரு குரல்.

டெஸ்மண்ட் ஓவியத்தை நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் படம்... ஏலத்துல வாங்கினது."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. தாஸ்மேனியாவில் கைதியின் வாரிசு என்றால் அது பெருமை. இத்தனை வருடம் அந்தப் பெருமையை எட்டி உதைத்தவர் இவர் ஒருவர்தான். மெர்ல் போய் அவர் தோளில் ஓங்கித் தட்டினாள். "கடைசியில நீயும் நம்ம ஆளுதானா! எழுந்து வா, பீர் என் கணக்கு."

மறுநாள் கல்தச்சர் ஹானாவின் பெயரை முதலில் வெட்டினார். அதற்கடுத்து எட்வர்ட். கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "அடியில இந்தக் கோடும் வேணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்பா," என்றாள் மெர்ல். "அந்த மனுஷன் போட்ட கோடு போதும்."