செத்தவர்களின் செல்போன்கள்

அத்தனை செல்போன்களும் ஒரே நேரத்தில் அலறின!

ஏட்டு எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

வெள்ள எச்சரிக்கை மையத்தின் கீழ்த்தளம். மேஜை நீளத்துக்கும் பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு செல்போன். வெள்ளத்தில் போனவர்களின் உடல்களோடு கிடைத்தவை. உறவுக்காரர்கள் அடையாளம் காட்டட்டும் என்று, வேலை செய்தவற்றை உலர்த்தி சார்ஜ் போட்டு வைத்திருந்தார்கள்.

"சார்... செத்தவங்களுக்கு யாரு சார் போன் பண்றது?"

"எடுத்துக் கேளுங்க."

"நானா? எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு சார்!"

சொன்ன பிறகுதான் ஏட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரே ஒரு பையைப் பிரித்துக் காதில் வைத்தார்.

"ஆத்துல வெள்ளம் வருது. கரையோரம் இருக்கறவங்க உடனே மேட்டுக்குப் போயிடுங்க. சாமான் எதையும் எடுக்காதீங்க. குழந்தைங்களை மட்டும் தூக்கிக்கங்க..."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

அவருடைய மனைவியின் குரல்!

இதே மையத்தின் அதிகாரி. எச்சரிக்கை கிளம்பாததால், தானே கரையோரக் கதவுகளைத் தட்டப் போனவள். திரும்பவில்லை. போன வாரம்தான் அடக்கம் செய்தார்.

மேஜைக் கோடியில் அவளுடைய செல்போனும் அடித்தது. தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்...

ஏட்டு பக்கத்தில் வந்து காது கொடுத்தார். "மேடம் குரல் சார் இது!"

காதிலிருந்து போனை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. வெள்ளத்துக்கு முந்தின நாள் அவள் புலம்பியது ஞாபகம் வந்தது. 'பேசிப் பதிவு பண்ணி வெச்சுட்டேங்க. மந்திரி ஒரு பட்டனை அமுக்கினா, கரையோரத்துல ஆரம்பிச்சு தானா ஊர் முழுக்கப் போயிரும். பாலம் திறப்பு விழா முடியட்டும், ஜனங்களை மிரட்டாதேங்கறார் மனுஷன்!'

பட்டன்...

"மந்திரி எங்கே?"

"மாடியில சார். நிருபர்களைப் பார்க்கப் போறார்."

இன்ஸ்பெக்டர் படிகளைத் தாவி ஏறினார்.

மந்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். முகத்தில் திருப்தி.

"வாங்க இன்ஸ்பெக்டர். சொல்லவே சங்கடமா இருக்கு. நான் முந்தின நாளே அனுமதி குடுத்துட்டேன். உங்க வீட்டம்மாதான் அனுப்ப மறந்துட்டாங்க. அத்தனை உயிருக்கும் அவங்கதான் பொறுப்பு. இதைத்தான் நிருபர்கள்கிட்ட சொல்லப் போறேன்."

திரையில் பச்சை எழுத்து. 'அனுமதிக்கப்பட்டது.' பக்கத்திலேயே வெள்ளத்துக்கு முந்தின நாள் தேதி!

இன்ஸ்பெக்டர் அந்தத் தேதியை இன்னொரு தடவை படித்தார். செத்தவளால் எதிர்த்துப் பேச முடியாது.

முடியாதா?

"தேதியை மாத்தி வெச்சுட்டு, இப்பத்தானே பட்டனை அமுக்கினீங்க?"

"என்னய்யா உளர்றே!"

"அனுப்பறதுக்குன்னு தனியா ஒண்ணும் கிடையாது சார். நீங்க அமுக்கினா அதுவே கிளம்பிரும். அன்னிக்கு அமுக்கியிருந்தா அன்னிக்கே அடிச்சிருக்கும். இப்பத்தான் கீழே செத்தவங்க போனெல்லாம் அடிக்குது. தெருவுல பொழைச்சவங்க போனும் அடிக்குது. கேளுங்க..."

ஜன்னலுக்கு வெளியே மணிச் சத்தம் தெருத் தெருவாகப் பரவியது. பிறகு அவள் குரல்... ஒரே குரல்... ஊரின் எல்லாக் கைகளிலிருந்தும்!

மந்திரிக்கு வியர்த்தது. "பொய்! அப்படின்னா எனக்கும் வந்திருக்கணுமே!"

கதவு திறந்தது. நிருபர்கள். கேமராக்கள்.

மந்திரியின் சட்டைப் பையில் மணி ஒலித்தது!

இன்ஸ்பெக்டர் கண்களைத் துடைத்துக்கொண்டு கைவிலங்கை எடுத்தார்.

"கூப்பிடறது என் பொண்டாட்டிதான் சார்... இந்தத் தடவையாவது எடுத்துக் கேளுங்க!"