சூளையில் சுருங்கிய முக்கோணம்

கொளஞ்சியைப் பள்ளிக்கூடத்துப் பக்கமே காணோம். ஒன்பதாம் வகுப்பில் அவன் இடம் காலியாகவே கிடந்தது.

கூடப் படிக்கும் பெரியநாயகி சாயங்காலம் அவனைத் தேடிக்கொண்டு போனாள். மாட்டுக் கொட்டகையில், வைக்கோல்மேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு என்னா? நான் இனிமே ஸ்கூலுக்கு வரல. வேப்பூர்ல மாமா ஹோட்டல் வெச்சிருக்காரு. அங்க டம்ளர் கழுவப் போறேன்."

"வூட்டுல ஒரு டம்ளராவது கழுவியிருக்கியா நீ?"

அவன் வைக்கோலுக்கு அடியிலிருந்து இரண்டு மரத்துண்டுகளை எடுத்துக் காட்டினான். கோமளம் டீச்சர் இயற்பியல் பாடத்தில் சரிவைக் காட்ட வைத்திருந்த செங்கோண முக்கோணக் கட்டை! நடுவில் பிளந்திருந்தது.

தங்கை கல்யாணத்துக்காக டீச்சர் விடுப்பில் போனபோது, "வூட்டுல வெச்சிப் படிக்கிறேன் டீச்சர்" என்று கெஞ்சி வாங்கி வந்தவன் இவன்தான். பள்ளிக்கூடத்தில் இருந்ததே அது ஒன்றுதான்.

"எப்பிடிடா ஒடஞ்சிது?"

"நெல்லு மூட்டையோட வண்டி நின்னுது. உருண்டு போவாம இருக்கட்டும்னு சக்கரத்துக்கு அடியில முட்டுக் குடுத்தேன்."

பெரியநாயகிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். கொளஞ்சி இல்லாத வகுப்பை நினைக்கவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"டீச்சர் வர இன்னும் நாள் இருக்குது. வேற ஒண்ணு செஞ்சிடலாம்" என்றாள்.

வேறு ஊராக இருந்தால் தச்சரைத் தேடிப் போயிருப்பார்கள். விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்கு எது உடைந்தாலும் களிமண்தான் நினைவுக்கு வரும். அதிலும் பெரியநாயகியின் அம்மா பாஞ்சாலைக்குப் பீங்கான் பொம்மைப் பட்டறையில்தான் வேலை.

துண்டுகளைச் சேர்த்து வைத்து அளந்தாள். உயரம் இருபது சென்டிமீட்டர். சாய்ந்த பக்கம் நாற்பது. அதே அளவில் இருவரும் பட்டறையின் வெள்ளைக் களிமண்ணில் ஒரு முக்கோணம் செய்தார்கள். சூளையில் வெடிக்காமல் இருக்க உள்ளே குடைந்தார்கள். நிழலில் நன்றாகக் காயவைத்தார்கள்.

"அளவு பாத்துதான செஞ்ச?" என்று அம்மா கேட்டார்.

"நூல் பிசகாதும்மா!"

அம்மா முதலாளியிடம் சொல்லிவிட்டு, பொம்மைகளோடு அதையும் சூளையில் வைத்தார்.

சூளை பிரித்த அன்று இருவரும் ஓடினார்கள். முக்கோணம் ஒரு கீறல்கூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று வந்திருந்தது. பெரியநாயகி ஆசையோடு அளவுகோலை வைத்தாள். உயரம் பதினெட்டு. சாய்ந்த பக்கம் முப்பத்தாறு.

"சுருங்கிப் போச்சே!" என்று அலறினான் கொளஞ்சி.

"காஞ்சி சுட்டா சுருங்காதா?" என்றார் அம்மா. "அதுக்கும் சேத்துதான் அளவு பாத்தீங்கன்னு இருந்தேன். பீங்கான் ஊருல பொறந்துட்டு இதுகூடத் தெரியலையா?"

கொளஞ்சி கிளம்பிவிட்டான். "வேப்பூர் பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

"செத்த இரு!" பெரியநாயகி மறுபடி அளவுகோலைப் பார்த்தாள். "இருபது, நாப்பதுல எவ்ளோ?"

"பாதி."

"பதினெட்டு, முப்பத்தாறுல?"

"அதுவும் பாதி" என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"டீச்சர் சைன், சைன்னு சொன்னாங்களே, அது இதான்டா! உயரத்தைச் சாஞ்ச பக்கத்தால, அதாவது எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால வகுக்கறது!"

அதுவரை அவள் அதைக் கிளிப்பிள்ளைபோல ஒப்பித்ததோடு சரி. இப்போதுதான் புரிந்தது. உடைந்த மரத்துண்டின் கூர்மூலைமேல் புதிய முக்கோணத்தின் கூர்மூலையை வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

"பாத்தியா? எல்லாப் பக்கமும் ஒண்ணா சுருங்கியிருக்குது. கோணம் அப்பிடியே இருக்குது. டீச்சர்கிட்ட நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

டீச்சர் வந்த அன்று கொளஞ்சி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். வண்டிச் சக்கரம் வந்ததும் வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"உன்னை நம்பித்தானே கொடுத்தேன்?"

"தப்புதான் டீச்சர்."

டீச்சர் வெள்ளை முக்கோணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சின்னதா இருக்கே?"

"சைன் மாறல டீச்சர்" என்றாள் பெரியநாயகி.

"சொன்னா ஆச்சா? சோதிச்சுப் பார்த்துடலாம்."

மேசைமேல் நானூறு கிராம் எடையுள்ள சின்ன வண்டி ஒன்று இருந்தது. டீச்சர் அதை சுருள்வில் தராசின் கொக்கியில் மாட்டி, முக்கோணத்தின் சரிவில் நிறுத்தினார். பழைய முக்கோணத்தில் தராசு இருநூறு கிராம் காட்டும். சைன் அரை என்றால், சரிவில் இழுப்பதும் எடையில் பாதிதான்.

கொளஞ்சி கண்ணை இறுக மூடிக்கொண்டான். முள் மேலும் கீழும் ஆடியது. பிறகு நின்றது.

"இருநூறு!" என்று வகுப்பே கத்தியது.

டீச்சர் முகத்தில் இப்போதுதான் சிரிப்பு வந்தது. "இத்தனை வருஷம் கரும்பலகையில எழுதி எழுதிப் புரிய வைக்கப் பார்த்தேன். நீங்க சூளையில வச்சுக் காட்டிட்டீங்க. அடுத்த பீரியட் பத்தாம் வகுப்புல இதே பாடம்தான். கொளஞ்சி, இதை எடுத்துண்டு என்கூட வா."

"நானா டீச்சர்?"

"நீதான்."

கொளஞ்சி கைகளை டிராயரில் நன்றாகத் துடைத்துக்கொண்டான். கைக்குழந்தையைத் தூக்குவதுபோல முக்கோணத்தை மெல்ல ஏந்திக்கொண்டு டீச்சர் பின்னால் நடந்தான். பெரியநாயகி முன்னால் ஓடி, "வழி வுடுங்க, வழி வுடுங்க!" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.