தறிக்குடோனில் ஒரு கிட்டார்

சோமனூரில் அந்தப் பழைய தறிக்குடோனை வாடகைக்குப் பிடித்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். கோயமுத்தூர் ஃபிளாட்டில் இழைப்புளியைக் கையில் எடுத்தாலே கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்துவிடுவார். இங்கே அறுக்கலாம், தட்டலாம், மரம் ஒட்டும் வஜ்ரப்பசையைக் காய்ச்சி ஊரையே நாறடிக்கலாம். ஏன் என்று கேட்க ஆளில்லை. தறிகளை எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். நீளமான வெற்றுக்கூடம், சிமெண்ட் அட்டைக் கூரை, ஒரே ஒரு கதவு. கிரீஸ் வாடை மட்டும் போகவில்லை.

நான் கிட்டார் செய்கிறவள். மெஷின் கிடையாது, எல்லாம் கைவேலைதான். இந்த முறை செய்தது விற்பதற்கு அல்ல, என் மகள் ஜோவிதாவுக்கு. நாலு வயது. பிறவியிலேயே காது கேட்காது, காது மெஷின் மாட்டியும் பலனில்லை. "லின்சி, அதுக்கு எதுக்குக் கிட்டாரு?" என்று என் மாமியார் கேட்டே விட்டார். அவருக்கு என்ன தெரியும்? கிட்டாரின் மேல்பலகையை இழைக்கும்போது விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்ப்போம். வேண்டிய அளவுக்கு மெலிந்தால் பலகை அதிர ஆரம்பிக்கும். அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஜோவிதா வாய்விட்டுச் சிரிப்பாள். அவள் வேறெங்கும் அப்படிச் சிரித்ததில்லை.

அன்று மத்தியானம் நான் தட்டுவதை நிறுத்திவிட்டு இழைப்புளியின் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஜோவிதா பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.

சிரித்துக்கொண்டே இருந்தாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்து அவள் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் உள்ளங்கையில் மெல்ல ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பலகைக்கு அடியிலிருந்து.

காலையிலிருந்து இழைத்த கை, நாடிதான் துடிக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஜோவிதா பாயில் படுத்துத் தூங்கிப்போனாள். குடிக்கத் தண்ணீர் இல்லை. ரோட்டில் லாரி போகிற இடமாயிற்றே என்று கதவை வெளியே தாழ் போட்டுவிட்டு, குடோனின் சொந்தக்காரம்மா தெய்வாத்தாள் வீட்டுக்குக் குடத்தோடு போனேன். பக்கத்து வீடுதான்.

"என் பாப்பாவுக்குக் காது கேக்காதுங்க்கா. ஆரும் தட்டாமயே பலகைல கைய வெச்சுட்டுச் சிரிக்கறா. உங்க குடோன்ல ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று சிரித்தபடியே கேட்டேன்.

தெய்வாத்தாள் சிரிக்கவில்லை.

"பாவாத்தான்னு ஒருத்தி அங்க தறி ஓட்டுனா, அம்மணி. அவளுக்கும் காது கேக்காது, வாய் பேசாது. தறிக்கட்டையத் தட்டுனா கைல தெரிஞ்சு திரும்பிப் பாப்பா." குரல் இறங்கியது. "கோயில் நோம்பி லீவுக்குக் குடோனப் பூட்டிப்போட்டு எல்லாரும் போயிட்டோம். உள்ள அவ தூங்கிட்டிருந்தது ஆருக்கும் தெரியல."

"அப்புறம்?"

"கதவத் தட்டற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சுங்க. பூட்டுன குடோனுக்குள்ள ஆரு தட்டறது? பேயின்னு பயந்துக்கிட்டு ஒருத்தரும் தொறக்கல." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நோம்பி முடிஞ்சுதான் தொறந்தோம்."

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். நானும் என் பிள்ளையை உள்ளே வைத்துத் தாழ் போட்டுவிட்டுத்தானே வந்திருந்தேன்.

கதவு அதிர்ந்துகொண்டிருந்தது.

உள்ளேயிருந்து தட்டல். விடாமல், வெறிபிடித்த மாதிரி. ஜோவிதா விழித்துக்கொண்டாள், அம்மாவைக் காணோம் என்று தட்டுகிறாள், அவளுக்குக் கூப்பிடக்கூடத் தெரியாதே.

பின்னாலேயே ஓடிவந்த தெய்வாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் கண்ணு," என்றார் கிசுகிசுப்பாக. "தொறக்காதீங்க."

"என் புள்ள உள்ள இருக்கறா. விடுங்க்கா."

தாழை இழுத்தேன். தட்டல் நின்றது. கதவு திறந்ததும், அந்த வெயில் நேரத்தில் சில்லென்று ஏதோ என் தோளை உரசிக்கொண்டு வெளியே போனது.

கதவருகே யாரும் இல்லை.

ஜோவிதா கூடத்தின் அந்தக் கோடியில், பாயில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். தட்டல் என் முகத்துக்கு நேராக, அவ்வளவு உயரத்தில் கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மகள் கையை உயர்த்தினாலும் என் மார்புக்கு மேல் எட்டாது.

உளி, பலகை எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன். மூன்று பேர் உட்காரும் சீட். ஜன்னலோரம் நான், நடுவில் ஜோவிதா, அந்த ஓரம் காலி. தப்பித்துவிட்டோம், தப்பித்துவிட்டோம் என்று வழியெல்லாம் மாதாவைக் கும்பிட்டேன்.

சூலூரில் கூட்டம் ஏறியது. பூக்கூடையோடு வந்த ஒரு பெண் எங்கள் சீட்டின் ஓரத்தில் உட்காரக் குனிந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஆளிருக்கறதப் பாக்கலீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க," என்று அந்தக் காலி இடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜோவிதாவை என் பக்கம் இழுத்தேன்.

அவள் வரவில்லை.

தூக்கக் கலக்கத்தில் மறுபக்கம் சாய்ந்தாள். விழப்போகிறாள் என்று கையை நீட்டினேன். விழவில்லை. ஒன்றுமில்லாத அந்த இடத்தில் தலையைச் சாய்த்து, நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.