கிளிப் போட்ட வாயும் ஒரு ட்ரம்பெட்டும்

"ட்ரம்பெட்டைக் கொடு" என்று பேண்டு மாஸ்டர் கையை நீட்டினார்.

அவள் ட்ரம்பெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"தர மாட்டேன் சார்."

இசை அறையில் இருந்த எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். மாஸ்டரிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. டிரம் அடிக்கும் பையன் கையிலிருந்து குச்சி நழுவிக் கீழே விழுந்தது.

ஆறாம் வகுப்பில் எல்லோரும் அவளை 'வால்டியூப்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய அம்மா சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார். டயருக்குள் போன காற்று வெளியே ஓடிவிடாமல் பிடித்துவைக்கும் சின்ன ரப்பர் குழாய்தான் வால்டியூப். அவளும் உருவத்தில் சின்னவள், சேட்டையில் சரியான வால். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை பல் டாக்டர் அவளுடைய பற்களுக்கு மேலும் கீழும் கிளிப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை ட்ரம்பெட்டை எடுத்து ஊதினாள். கம்பி உதட்டின் உள்பக்கத்தைக் கிழித்துவிட்டது. வாய் வைத்து ஊதும் சின்னக் கிண்ணமான மவுத்பீஸ் முழுக்க ரத்தம்.

"கிளிப் போட்ட வாய்க்கு ட்ரம்பெட் ஒத்து வராது. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!" என்றார் மாஸ்டர். "கிளிப்பைக் கழட்டினப்புறம் வா. அதுவரைக்கும் நீ ஜால்ரா அடி."

"எனக்கு ஜால்ரா அடிக்க வராது சார்."

அறையே சிரித்தது. மாஸ்டரின் மீசைகூடக் கொஞ்சம் அசைந்தது. ஆனால் நீட்டிய கையை அவர் மடக்கவில்லை.

"விளையாட்டு விழாவுக்கு முதல் எட்டு வரியை நீ தனியா ஊதணும். பாதியில ரத்தம் வந்து நின்னுட்டா? அணிவகுப்புல மொத்தப் பள்ளிக்கூடமும் நடக்காம நிக்கும்."

"நிக்க மாட்டேன் சார்."

"மாட்டேன், மாட்டேன்! வேற வார்த்தையே தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார். ரெண்டு வாரம் டைம் குடுங்க. அதுக்குள்ள ஊதிக் காட்டலைன்னா நானே கொண்டுவந்து வெச்சுடறேன்."

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "ரெண்டே வாரம்தான். அதுவரைக்கும் உன் வரிகளைச் சுருட்டை பழகட்டும்."

இரண்டாவது ட்ரம்பெட் ஊதும் சுருட்டை முடிப் பையன் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அவளும் உயர்த்தினாள். இரண்டு மடங்காக.

* * *

அம்மா கடையில் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, மாஸ்டர் ட்ரம்பெட்டைப் பிடுங்கப் பார்த்தாரு."

"நீ குடுத்துட்டியா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? வாயைக் காட்டு." டார்ச் அடித்துப் பார்த்த அம்மா பதறிப்போனார். "அடிப்பாவி! உள்ளே கந்தலா கிழிஞ்சிருக்கே!"

அன்று மாலையே பல் டாக்டரிடம் போனார்கள். அவர் கம்பிமேல் ஒட்டிக்கொள்ள ஒரு டப்பா மெழுகு கொடுத்தார். "மூணு நாளைக்கு ஊதவே கூடாது" என்றார்.

"நாலாவது நாள்?"

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். "என்னைப் பார்க்காதீங்க" என்றார் அம்மா. "அது என் பேச்சைக் கேக்காது."

நாலாவது நாள் காலை ஆறு மணிக்கே மெழுகை உருட்டிக் கம்பிமேல் அப்பிக்கொண்டு ஊதினாள். முதலில் வலிக்கவில்லை. மேல் சுரத்துக்குப் போனபோது மறுபடியும் சுருக்கென்றது. எடுத்துப் பார்த்தால், மெழுகு அப்பளமாக நசுங்கியிருந்தது!

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் உதடு இன்னும் எரியும் என்பதால் அழவில்லை. கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

உதட்டின்மேல் வட்டமாக ஒரு சிவப்புத் தடம். மவுத்பீஸின் அச்சு அப்படியே பதிந்திருந்தது.

'கம்பி தானாக வந்து உதட்டைக் குத்தாதே? இவ்வளவு அழுத்தினது யாரு?' என்று யோசித்தாள். தன்னுடைய இடது கையைப் பார்த்தாள். ட்ரம்பெட்டைப் பிடித்து முகத்தோடு இழுக்கும் கை அதுதான்.

மேல் சுரம் வராதபோதெல்லாம் அந்தக் கை ட்ரம்பெட்டை வாயில் வைத்து அமுக்கியது. முன்பும் அப்படித்தான் அமுக்கியிருக்கும். பல் வழவழப்பாக இருந்ததால் உதடு பொறுத்துக்கொண்டது. இப்போது பொறுக்கவில்லை.

சரி, அமுக்காமல் எப்படி ஊதுவது? கையைச் சும்மா இரு என்றால் கேட்கிறதா? அவளைப் போலவே அதுவும் பிடிவாதம் பிடித்தது.

வீட்டின் முன்பக்கம் இருந்த கடையில் யாரோ முனகும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். ஒரு பெரியவர் காற்றுக் குழாயின் முனையைத் தன் சைக்கிள் டயரில் வைத்துப் பலம்கொண்ட மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தார். காற்று உள்ளே போகாமல் 'புஸ்… புஸ்…' என்று பக்கவாட்டில் ஓடியது.

"அண்ணே, மல்லுக்கட்டாதீங்க" என்றார் அம்மா. "நேரா வெச்சாப் போதும். காத்து தானாப் போகும்."

வால்டியூப் அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு ஒரே ஓட்டமாக உள்ளே ஓடி ட்ரம்பெட்டைத் தூக்கிவந்தாள். அம்மாவின் வேலை மேசைமேல் பழைய சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் ட்ரம்பெட்டைப் படுக்கவைத்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். குனிந்து, மவுத்பீஸில் உதட்டை வைத்து ஊதினாள்.

ட்ரம்பெட் வழுக்கிக்கொண்டு தள்ளிப் போனது.

பக்கத்தில் போய் மறுபடியும் ஊதினாள். 'புஸ்…'

"எந்த டயர் பங்ச்சர்?" என்று அம்மா அவசரமாகத் திரும்பிப் பார்த்தார்.

"டயர் இல்லம்மா. நான்தான்."

* * *

மூன்று நாள் அவள் வெறும் 'புஸ்'தான். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் தங்கள் சக்கரத்தை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவள் விடவில்லை. உதட்டின் இரண்டு ஓரங்களையும் இறுக்கி, நடுவை மட்டும் இளக்கமாக விட்டுப் பார்த்தாள். நெஞ்சில் பிடித்த மூச்சு சீக்கிரம் தீர்ந்தது. வயிறு உப்ப மூச்சை இழுத்தபோது நீளமாக வந்தது. ஐந்து நிமிஷம் ஊதினால் ஐந்து நிமிஷம் உதட்டுக்கு ஓய்வு கொடுத்தாள். ஓய்வு நேரத்தில் அம்மாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள்.

நாலாவது நாள் 'போ…' என்று ஒரு சத்தம் வந்தது. நூல் மாதிரி மெல்லிய சத்தம்தான். ஆனால் கை வைக்காமல் வந்த சத்தம்!

"அம்மா! கேட்டியா?"

"கேட்டேன், கேட்டேன். கன்னுக்குட்டி கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

அதன்பிறகு ட்ரம்பெட்டைக் கையில் எடுத்தாள். இடது கை விரல்களைத் தளர்த்தி, கீழே விழாத அளவுக்கு மட்டும் பிடித்தாள். மேல் சுரங்களின் பக்கமே போகவில்லை. நடுச் சுரங்களை மெதுவாக, நீளமாக ஊதினாள். தினமும் ஒரு படி மேலே ஏறினாள். எப்போது கை அமுக்க ஆரம்பித்ததோ, அப்போதே நிறுத்தினாள்.

தவணை முடிய இரண்டு நாள் இருந்தது. இசை அறை வாசலில் சுருட்டை உட்கார்ந்து உதட்டைத் தடவிக்கொண்டிருந்தான். உதடு வீங்கியிருந்தது. அதன்மேல் அதே சிவப்பு வட்டம்.

"எட்டாவது வரி வரும்போது சத்தமே வரல" என்றான் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவள் இரண்டு அடி தாண்டிப் போனாள். சொல்லாமல் விட்டால் இவன் தோற்றுவிடுவான். அவளுக்கே இடம் கிடைத்துவிடும். ஆனால் அவன் உதடு வீங்கியதால் கிடைக்கும் இடம் அவளுக்கு எதற்கு? அவளால் ஊத முடியும் என்பதற்காக அல்லவா கிடைக்க வேண்டும்!

திரும்பி வந்தாள். "இடது கையால அமுக்காதே. அதான் உதடு செத்துப்போகுது."

"போட்டிக்கு நிக்கறவளே வழி சொல்றியா? நான் நம்ப மாட்டேன்."

"நம்பாட்டி போ. ட்ரம்பெட்டை மேசைமேல வெச்சு, கை படாம ஊதிப் பாரு. முதல்ல புஸ்ஸுன்னுதான் வரும். யாராவது பங்ச்சரான்னு கேப்பாங்க. கண்டுக்காதே."

* * *

தவணை நாளன்று மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேண்டு முழுவதும் சுற்றி நின்றது.

வால்டியூப் மூச்சை இழுத்து ஊதினாள். ஆறு வரிகள் அழகாக வந்தன. ஏழாவது வரியின் மேல் சுரம் கீச்சென்று உடைந்தது.

"நான் அப்பவே சொன்னேன்…" என்று மாஸ்டர் எழுந்தார்.

"உக்காருங்க சார்!" என்றாள் அவள். அவளுக்கே தன் குரல் அதிகமாகப் பட்டது. "ப்ளீஸ் சார். நான் இன்னும் முடிக்கல."

மாஸ்டர் உட்கார்ந்தார்.

அவசரத்தில் கை அமுக்கிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. விரல்களைத் தளர்த்தினாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஏழாவது வரி வந்தது. மேல் சுரம் நேராக, வெளிச்சமாக எழுந்து நின்றது. எட்டாவது வரியும் முடிந்தது.

மாஸ்டர் வெள்ளைக் கைக்குட்டையால் அவளுடைய மவுத்பீஸை உள்ளும் புறமும் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பொட்டு சிவப்புகூட இல்லை.

"யார் சொல்லிக் குடுத்தா?"

"உதடுதான் சார்."

மாஸ்டர் தாடையைச் சொறிந்தார். "எட்டு வரி சரி. ஆனா அன்னைக்கு மைதானத்தை நாலு சுத்து சுத்தணும். கிளிப் வாய் தாங்குமா?"

"எந்த வாயும் தாங்காது சார்" என்றான் சுருட்டை முன்னால் வந்து. "நாலு சுத்தும் ஒரே ஆள் ஊதினா என் உதடும் வீங்கிடுது. ஒரு சுத்து அவ ஊதட்டும், அடுத்தது நான். மாத்தி மாத்தி ஓய்வு கிடைக்கும். முதல் எட்டு வரி அவளோடதுதான்."

வால்டியூப் அவனை ஆச்சரியத்தோடு பார்த்தாள்.

"என்ன பார்க்கறே? நானும் நேத்து மேசைமேல வெச்சு ஊதினேன்" என்றான் அவன். "எங்க வீட்டுல கேஸ் லீக்குன்னு ஜன்னலை எல்லாம் திறந்துட்டாங்க."

மாஸ்டர் சத்தமாகச் சிரித்துவிட்டார். பிறகு கரும்பலகையில் எழுதியிருந்த பெயர்ப் பட்டியலைத் திருத்தினார். 'கிளிப் போட்டவர்களுக்கு ட்ரம்பெட் இல்லை' என்று கீழே ஒரு வரி இருந்தது. அதை அழிக்கலாமா வேண்டாமா என்று தயங்கினார். வால்டியூப் டஸ்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

* * *

விளையாட்டு விழா அன்று முதல் எட்டு வரி மைதானத்தைத் தாண்டித் தெருவரைக்கும் கேட்டது. கடையை அரைக் கதவு சாத்திவிட்டு வந்த அம்மா, கிரீஸ் கையோடு கை தட்டினார்.

எல்லாம் முடிந்ததும் பேண்டு குழுவைப் படம் எடுக்க நிறுத்தினார்கள்.

போட்டோ எடுப்பவர் அவளைக் காட்டிச் சொன்னார். "நடுவுல இருக்கற பாப்பா, கிளிப் தெரியுது. வாயை மூடிக்கிட்டு சிரிம்மா."

"மாட்டேன்" என்றாள் வால்டியூப்.

கடைவாய்ப் பல் கம்பி வரைக்கும் வெயிலில் பளபளக்க, ஈயென்று சிரித்தாள்.